வெள்ளைப் பெட்டிக்கு அடியில் செங்கம்மா

முனியப்பனுக்கு உயரம் ஆகாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு ஆகாது. ஆனால் அவன் தொழில் பெயிண்டிங். குடிபாலாவிலிருந்து சித்தூர் வரைக்கும் எந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனாலும், மூன்றாவது படியில் கால் வைத்ததும் ஏணி சும்மா நிற்கும், உலகம் சுற்ற ஆரம்பித்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் தடவையாக வந்தது. வயிற்றுக் கோளாறு என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு இறங்கினவன், அதற்கப்புறம் தரையில் நின்று கை எட்டுகிற மட்டும்தான் அடித்தான். மேல் பாதியை வேறு யாராவது அடிக்க வேண்டும். பாதிச் சுவர் அடிக்கிறவனை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்?

உண்மையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி கல்பனாவிடம்கூட, "பெயிண்ட் வாசன நெஞ்சுக்கு ஒத்துக்கல" என்றுதான் சொல்லி வைத்திருந்தான். நாற்பத்து மூன்று வயசு ஆம்பிளை ஏணியைப் பார்த்து நடுங்குகிறான் என்பதைவிட, நெஞ்சு சரியில்லை என்பது கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் திருப்பதியில், மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற ரோட்டில், சுலோச்சனாவின் ஸ்டிக்கர் கடையில் ஒரு வேலை வந்தது. புது வண்டி வாங்குகிறவர்கள் அலிபிரியில் பூஜை போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள். பூஜைக்கு முன்னால் வண்டி நெற்றியில் சாமி பேர், பிள்ளை பேர், பெற்றவர் பேர் எல்லாம் ஒட்டியாக வேண்டும். அதனால் விடிந்தால் கடை வாசலில் கூட்டம்தான். முனியப்பனுக்கு வந்த வேலை, கடைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை அடிப்பது. அவனுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது.

பச்சை முடிகிற இடத்தில் பத்தடி நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இழுத்தான். ஸ்கேல் இல்லை, நூல் இல்லை. அதை சுலோச்சனா பார்த்தாள். அவள் பேசுவதில் பாதி தெலுங்கு, மீதி அதட்டல்.

"ஏமய்யா, கை இவ்ளோ நேரா போவுது. கம்ப்யூட்டர்ல டிசைன் போடற கோரல் கத்துக்கிறியா? இப்போ டிசைன் போடற எங்க சபீனாவுக்கு ஸ்ரீசிட்டி ஃபேக்டரில வேல கெடச்சிருச்சு. மாசக் கடைசில போயிடுவா."

முனியப்பன் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த நாற்காலியைத்தான் பார்த்தான். சக்கரம் வைத்த நாற்காலி. தரையிலிருந்து ஒன்றரை அடி. அதில் உட்காருகிறவன் எங்கேயும் ஏற வேண்டியதில்லை.

"கத்துக்கறேங்க்கா" என்றான்.

"ஒரு மாசம் டைம். மாசக் கடைசில ஒரு வண்டிக்கு மொதல்லேருந்து கடைசி வரைக்கும் நீயே பண்ணிக் குடு. சரியா வந்துச்சுன்னா வேல உனக்கு. வரலன்னா நெல்லூர்ல எங்க சித்தி மகன் இருக்கான், அவன கூப்புட்டுக்குவேன்."

ஆக, ஒரு பக்கம் நாற்காலி, இன்னொரு பக்கம் ஏணி. நடுவில் ஒரு மாசம்.

சபீனாவுக்கு இருபத்திரண்டு வயசு. பொறுமையான பெண். அவள் பொறுமை இரண்டாவது நாளே பாதி செலவாகிவிட்டது.

"அண்ணா, இது பெயிண்ட் கெடையாது. நீங்க இங்க எதையும் பூசல. புள்ளி வெக்கிறீங்க, ரெண்டு புள்ளிக்கு நடுவுல அதுவே கோடு போட்டுக்கும். கோட்ட வளைக்கணும்னா புள்ளிக்கு ரெண்டு பக்கமும் நீட்டிக்கினு இருக்குது பாருங்க, இத புடிச்சி இழுக்கணும்."

"மீசை மாதிரி கீது."

"மீசைன்னே வெச்சுக்கோங்க."

அன்றிலிருந்து அந்தக் கடையில் அதற்கு மீசை என்றே பேர் நிலைத்துவிட்டது. முதல் பாடம் மாங்காய். சித்தூர்க்காரனுக்கு மாங்காய் தெரியாதா? முனியப்பன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நூற்றி நாற்பது புள்ளி வைத்து ஒரு மாங்காய் வரைந்தான். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினுக்கு அனுப்பியதும், கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று, மேடு பள்ள ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸாக உதறிக்கொண்டு போயிற்று. வந்தது மாங்காய் இல்லை, ஆடு கடித்துப் போட்ட மாங்காய்.

"நாலு புள்ளி போதும்ணா. மீதிய மீசை பாத்துக்கும்" என்றாள் சபீனா. நாலே புள்ளியில் அவள் போட்ட மாங்காயைக் கடித்துத் தின்னலாம் போலிருந்தது.

தினமும் விடியற்காலையில் குடிபாலாவில் பஸ் ஏறி, சித்தூரில் மாறி, திருப்பதி வருவதற்குள் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் முனியப்பன் ஆள்காட்டி விரலால் முன் சீட்டின் முதுகில் மீசை இழுத்துப் பழகினான். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். ஒரு வாரத்தில் மாங்காய் வந்தது. இரண்டாவது வாரத்தில் சங்கு வந்தது, சக்கரம் வந்தது. மூன்றாவது வாரத்தில், சுலோச்சனா சாப்பிடப் போன நேரத்தில், மூன்று முட்டை வடிவமும் ஒரு வளைவும் வைத்து சுலோச்சனாவே வந்துவிட்டாள். மூக்கு கொஞ்சம் தாராளமாக அமைந்துவிட்டது. ஆனால் யாரும் "இது யார்?" என்று கேட்க வேண்டியிருக்காது.

ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு வரவில்லை. அழிக்க வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது நாள், ஒரு தப்பான கோட்டை எடுக்கலாம் என்று டெலிட் பட்டனை அழுத்தினான். சபீனா அரை நாள் உட்கார்ந்து போட்ட டிசைன் மொத்தத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தாள். அது கட்டோடு போய்விட்டது. பயத்தில் முனியப்பன் சேவ் பண்ணி, ஃபைலையும் மூடிவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தான். சபீனா திட்டவில்லை, அழுதாள். திட்டியிருந்தால் தேவலை. அன்றோடு அந்த பட்டன் பக்கம் அவன் விரல் போனதே இல்லை.

பிறகு தப்பை எப்படிச் சரிசெய்தான்? இருபது வருஷம் வெள்ளையடித்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சுவரில் போன தேர்தல் எழுத்து இருக்கிறது, இந்தத் தேர்தலுக்கு வேறு கட்சி எழுத வேண்டும் என்றால் சுவரையா இடிப்பார்கள்? ஒரு பட்டை வெள்ளை அடி, மேலே எழுது. திரையும் வெள்ளை. முனியப்பன் தப்பின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி வரைந்தான். தப்பு மறைந்தது. பெட்டியின் மேல் சரியானதை வரைந்தான். எவ்வளவு சுலபம்! இந்த வழி சபீனாவுக்கே தெரியாது போலிருக்கிறதே என்று கொஞ்சம் கர்வப்பட்டான்.

சபீனா ஒரு நாள் சொல்லத்தான் செய்தாள். "அண்ணா, மெஷினுக்குக் கண்ணு கெடையாது. கலர் தெரியாது. கோடு எங்க இருந்தாலும் போய் வெட்டிடும்."

"பாவம்" என்றான் முனியப்பன், மெஷினைப் பார்த்து. அதற்குள் டீ வந்துவிட்டது.

மாசக் கடைசி வேலையாக வந்தது கிருஷ்ணப்பாவின் மினி லாரி. சித்தூர்ப் பக்கம் மாங்காய் ஏற்றுகிற ஆள். கனத்த மீசை, அதைவிட கனத்த குரல். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் அலிபிரியில் பூஜை முடிந்துவிட வேண்டும். வண்டி நெற்றியில் ஆறடிக்கு ஸ்டிக்கர். மேலே சாமி பேர், கீழே வரிசையாக வீட்டு ஆட்களின் பேர்.

திங்கட்கிழமை சொன்ன பேர்கள்: கிருஷ்ணப்பா, தம்பி ரமணா, மகன் அஷ்வின், கடைசியில் வலது ஓரமாகப் பெண்டாட்டி செங்கம்மா. முனியப்பன், அக்கா படம் போட்ட அதே பக்கத்தில், படத்தை வெள்ளைப் பெட்டியால் மூடிவிட்டு, தெலுங்கில் அழகாக எழுதி முடித்தான். சபீனா பார்த்துவிட்டு, "சூப்பர்ணா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மெடிக்கல் டெஸ்ட்டுக்கு ஸ்ரீசிட்டி போனவள் அப்படியே வேலையில் சேர்ந்துவிட்டாள். முனியப்பன் தனியாளானான்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணப்பாவிடமிருந்து போன். "ஒப்பா, ரமணா பேர எடுத்துடு. வண்டிக்கு பச்ச கலர் வேணாம்னு சொன்னேன், எனக்குத் தெரியாம பச்சையே புக் பண்ணிட்டான். அந்த எடத்துல மகன் பேர பெருசா போடு." வெள்ளைப் பெட்டி.

புதன்கிழமை ரமணாவிடமிருந்து போன். தம்பி ரகசியக் குரலில் பேசினான். "அண்ணன் சொல்லச் சொன்னாரு. அவர் பேர கொஞ்சம் சின்னதாக்கி, என் பேரயும் அதே அளவுல போட்டுடுங்க." வெள்ளைப் பெட்டி, வெள்ளைப் பெட்டி.

அன்று சாயங்காலமே கிருஷ்ணப்பா. "என் பேரு ஏன் சின்னதா கீது? போட்டோ அனுப்புனியே, பாத்தேன். ரமணான்னு எவன் போடச் சொன்னது?" வெள்ளைப் பெட்டி.

வியாழக்கிழமை மறுபடியும் கிருஷ்ணப்பா. "செங்கம்மா பேரு வாணாம். பொம்பள பேரு வண்டி நெத்தில போட்டா கூட்டாளிங்க சிரிக்கிறானுங்க. எடுத்துடு. அந்த எடம் சும்மாவே இருக்கட்டும்."

அதோடு போனை வைத்திருக்கலாம். மறுபடியும் கூப்பிட்டு, தன் பேருக்கு முன்னால் ஸ்ரீ போடச் சொன்னான். மறுபடியும் கூப்பிட்டு, வேண்டாம் என்றான். முனியப்பனுக்கு வந்ததே கோபம். கிருஷ்ணப்பாவிடம் காட்ட முடியாததைத் திரையில் காட்டினான். கொட்டை எழுத்தில், "இந்தாளு திருந்த மாட்டான்" என்று தெலுங்கில் அடித்து, ஒரு நிமிஷம் திருப்தியாகப் பார்த்தான். பிறகு அதற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி போட்டு மூடிவிட்டு, மேலே மரியாதையாக "கிருஷ்ணப்பா" என்று எழுதினான். திரையில் ஒரு பிசிறு இல்லை. வியாழக்கிழமை ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை எட்டே காலுக்கெல்லாம் வண்டி வந்து நின்றது. பச்சை வண்டி, வாழைக்கன்று, சாமந்தி மாலை. கிருஷ்ணப்பா இறங்கினான். தம்பி ரமணா பின்னால் இறங்கி, அண்ணனுக்கு முகம் கொடுக்காமல் நின்றான். கடைசியாகப் பட்டுப் புடவையில் செங்கம்மா இறங்கி, நேராகக் கடைக்குள் வந்து, நாற்காலியில் இருந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் பேருக்கு எடமில்லன்னு சொன்ன ஆளு நீதானா?"

முனியப்பன் கிருஷ்ணப்பாவைப் பார்த்தான். கிருஷ்ணப்பா வாழைக்கன்றை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"ஆறடி நீளத்துல என் ஒரு பேருக்கு எடமில்லாமப் போச்சா? எங்கூட்டுக்காரரு நீ அப்டித்தான் சொன்னன்னாரு."

வாடிக்கையாளரைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பது பெயிண்டர் தர்மம். முனியப்பன் தலையைச் சொறிந்துவிட்டு, மெஷினில் சிவப்பு ஸ்டிக்கர் ரோலை மாட்டி, பட்டனைத் தட்டினான்.

ஆறு நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலை. பத்து நிமிஷமாயிற்று, கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் வெட்டியது. இல்லாத இடத்தில் பெட்டி பெட்டியாக வெட்டியது. சுலோச்சனா கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். வெளியே வந்து விழுந்ததை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு இடியாப்பம் மாதிரி தொங்கியது.

"ஏமய்யா இது?" என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசினால் ஆபத்து.

முனியப்பனுக்கு வியர்த்துவிட்டது. அந்த மூன்றாவது படியில் நிற்கிற அதே வியர்வை. சபீனாவுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, சீக்கிரம் சொல்லுங்க. ஃபேக்டரி கேட்டுக்கிட்ட நிக்கிறேன், அஞ்சு நிமிஷத்துல போன லாக்கர்ல வெக்கணும்."

சொன்னான்.

"அண்ணா, தப்பு வந்த எடத்துல வெள்ளையா பெட்டி போட்டு மூடிட்டீங்களா?"

"ஆமா பாப்பா. நல்லாத்தான் மூடினேன்."

"மூடினா போவாதுண்ணா! அடியில அப்டியே இருக்கும். மெஷின் எல்லாத்தயும் வெட்டும். மேல வியூன்னு இருக்குதில்ல, அதுல வயர்ஃப்ரேம்னு ஒண்ணு வரும். அத தட்டுங்க. கலரெல்லாம் போயி வெறும் கோடு மட்டும் தெரியும். எது எது வேணாமோ ஒவ்வொண்ணா டெலிட் பண்ணுங்க."

டெலிட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவனுக்குச் சபீனா அழுதது ஞாபகம் வந்தது. அதனால் வயர்ஃப்ரேமைத் தட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய ஒன்றை யோசிக்க மறந்துவிட்டான். சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் என்ன தெரிகிறதோ அது அதிலும் தெரியும். வாடிக்கையாளர் டிசைனைப் பார்த்துச் சரி சொல்வதற்காக சுலோச்சனா வாங்கி மாட்டியது.

தட்டினான். வெள்ளையெல்லாம் ஒரே நொடியில் கழன்று போயிற்று. நாலு நாளாக அவன் மூடி வைத்த அத்தனையும் மெல்லிய கோடுகளாக டிவியில் எழுந்து நின்றன. பெரிய கிருஷ்ணப்பா, சின்ன கிருஷ்ணப்பா, ஸ்ரீ போட்ட கிருஷ்ணப்பா. இரண்டு ரமணா. இரண்டு அஷ்வின். வலது ஓரத்தில், ஒரு பெட்டிக்குள், தன்னந்தனியாக, செங்கம்மா. இடது மூலையில் தாராளமான மூக்கோடு சுலோச்சனா.

முதலில் வாய் திறந்தவள் செங்கம்மா. டிவி பக்கத்தில் போய், தன் பேரின் மேல் விரலை வைத்தாள்.

"எடம் இருந்திருக்குதே."

"அது வந்து..." என்றான் கிருஷ்ணப்பா.

"பேரு எழுதி, அப்பால மூடியிருக்குது. யார் மூடச் சொன்னது?" அவள் முனியப்பன் பக்கம் திரும்பினாள். "இப்ப நீ சொல்லு."

பெயிண்டர் தர்மம் அதற்கு மேல் தாங்கவில்லை. முனியப்பனின் கண் தானாகக் கிருஷ்ணப்பா பக்கம் போயிற்று. அதுவே போதுமாக இருந்தது.

"என் பேரயும் ரெண்டு தடவ எடுத்திருக்கியேண்ணா!" என்று ரமணா குதித்தான். "கூடப் பொறந்தவன்!"

"நீ மட்டும் யோக்கியனா? என் பேர சின்னதாக்கச் சொன்னது யாரு? அங்க, சின்னதா ஒரு கிருஷ்ணப்பா கீறான் பாரு!"

"கலரு புடிக்கலன்னா என் பேர எடுப்பியா?"

"இரு, இரு" என்றாள் செங்கம்மா. அவள் விரல் டிவியில் நடுவே வந்து நின்றிருந்தது. பேர்களுக்கு அடியில் புதைந்திருந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இந்தாளு... திருந்த... மாட்டான்." படித்துவிட்டு, அன்று காலையிலேயே முதல் தடவையாக முனியப்பனை மரியாதையாகப் பார்த்தாள். "இத யாருண்ணா எழுதச் சொன்னது? நான்கூட சொல்லலியே."

கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள்வரை சிரித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பாவின் முகம் செவ்வரளிக்கு மேல் சிவந்தது. "எக்கா, இந்தாள மொதல்ல வேலைய விட்டு நிறுத்து!" என்று சுலோச்சனாவைப் பார்த்துக் கத்தினான்.

சுலோச்சனா மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் இருந்த மூக்கை.

முனியப்பனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. நாற்காலி போயிற்று. நாளை மறுநாள் ஏதாவது ஒரு சுவர், ஏதாவது ஒரு ஏணி. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது. போவது போகட்டும், ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டாவது போகலாம் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தான்.

"எட்டேமுக்கால் ஆவுது. சண்டைய பூஜைக்கு அப்பால போட்டுக்கோங்க" என்றான். "ஒவ்வொண்ணா கேக்கறேன். வேணும், வாணாம், எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சின்ன கிருஷ்ணப்பா?"

"வாணாம்" என்றான் ரமணாவே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

முனியப்பன் டெலிட்டை அழுத்தினான். சின்ன கிருஷ்ணப்பா மட்டும் போனான். வேறு எதுவும் போகவில்லை. அழுத்தின விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

"ஸ்ரீ போட்டது?" போயிற்று. "மொதல் ரமணா?" போயிற்று. "ரெண்டாவது ரமணா?"

கிருஷ்ணப்பா பல்லைக் கடித்தான். ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கட்டும்" என்றான்.

அக்காவின் படத்தை யாரையும் கேட்காமலே எடுத்தான். திருந்த மாட்டான் வரியையும், இரண்டாவது அஷ்வினையும், வெள்ளைப் பெட்டிகளையும் எடுத்தான். கடைசியில் வலது ஓரம் வந்தது.

"செங்கம்மா?"

"போடு, போடு" என்றான் கிருஷ்ணப்பா அவசரமாக. "எடந்தான் இருக்குதே."

"வாணாம்" என்றாள் செங்கம்மா. "கேட்டு வாங்கறதுக்கு என் பேரு என்ன ரேஷன் அரிசியா? எடுத்துடுண்ணா."

முனியப்பனுக்கு மனசே வரவில்லை. எடுத்தான்.

இந்தத் தடவை ஆறே நிமிஷம். கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. வேண்டாத ஓரத்தையெல்லாம் ஊசியால் உரித்து எடுத்தபோது ஒரு எழுத்துகூட மூளியில்லை. மணி ஒன்பதே கால்.

"யாரு ஒட்டறது?" என்றான் கிருஷ்ணப்பா.

ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் குணா. அவன் முந்தின நாள் மொட்டை போடத் திருமலைக்குப் போனவன், இன்னும் தரிசன கியூவிலேயே நின்றுகொண்டிருந்தான். சுலோச்சனா கடையின் பின்பக்கத்தைக் காட்டினாள். "ஏணி அங்க இருக்கு. முனியப்பா, பெயிண்டர்தானே நீ, ஏறி ஒட்டிட்டு வா."

வண்டியின் நெற்றி எட்டடி உயரத்தில் இருந்தது. முனியப்பன் ஏணியை எடுத்து வந்து சாத்தினான். ஒரு படி ஏறினான். இரண்டாவது படி ஏறினான். அங்கேயே நின்றான். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லலாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்த பொய் அங்கேயே நின்றது. இப்போதுதான் ஒரு டிவி நிறையப் பார்த்திருக்கிறான், மறுபடியும் ஒரு பெட்டி போட்டு மூடுவதற்கு அலுப்பாக இருந்தது.

இறங்கினான். "எக்கா, எனக்கு ஏணி ஏறினா தல சுத்தும். ரெண்டு வருஷமா சுத்துது. அதனாலதான் பெயிண்டிங்க விட்டேன். நெஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. கிருஷ்ணப்பா ரமணாவைப் பார்த்தான். ரமணா, புது வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்தான்.

"நவுருங்க" என்றாள் செங்கம்மா. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "வருஷா வருஷம் மாமரத்துல ஏறி காய் பறிக்கிறது யாரு, இவுங்களா? ஏணிய புடிங்க ரெண்டு பேரும்."

அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டார்கள். அவள் விறுவிறுவென்று ஏறினாள். முனியப்பன் கீழே நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, தண்ணீர் தெளித்து, ஸ்டிக்கரை ஒரு ஓரத்திலிருந்து வைத்து, துணியால் அழுத்திக்கொண்டே வந்தாள். ஒரு குமிழ் இல்லை. சாமி பேர், கிருஷ்ணப்பா, ரமணா, அஷ்வின். வலது ஓரம் மட்டும் ஒரு முழத்துக்குக் காலியாகப் பச்சை தெரிந்தது.

மேலிருந்து அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், கீழே குனிந்தாள்.

"அண்ணா, மொதல்ல கெட்டுப்போச்சே ஒண்ணு, அதுல என் பேரு இருந்துச்சா?"

இருந்தது. அந்த ஓரத்தில் பேரின் மேல் வேறு பேர் எழுதவில்லை, வெறும் பெட்டிதான். அதனால் இடியாப்பத்தில் அது ஒன்று மட்டும் முழுசாக வந்திருந்தது.

"இன்னாத்துக்கு இப்ப?" என்றான் கிருஷ்ணப்பா. "வாணாம்னு நீதானே சொன்ன?"

"கேட்டு வாங்க வாணாம்னேன். நானே எடுத்துக்கறதுக்கு யாரக் கேக்கணும்?"

"ஒப்பா, குடுக்காத நீ!" என்று கிருஷ்ணப்பா முனியப்பனைப் பார்த்து உறுமினான். ஏணியை விட்டுவிட்டு வந்து தடுத்திருப்பான். விட்டால் பெண்டாட்டி விழுவாள்.

முனியப்பன் சுலோச்சனாவைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போன வேலை மறுபடியும் ஒரு தடவை போகப் போகிறதா என்ன? உள்ளே ஓடி, குப்பையிலிருந்து அந்தச் சிவப்பைத் தூக்கி, கத்தரியால் ஓரம் வெட்டி, ஊசியால் உரித்து, கையை எட்டின மட்டும் உயர்த்திக் கொடுத்தான். செங்கம்மா குனிந்து வாங்கினாள். காலியாக இருந்த ஒரு முழத்தில் அவள் பேர் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. துணியால் இரண்டு தடவை அழுத்தினாள். எட்டடி உயரத்தில் ஒட்டினதை உரிக்க ஏறி வரப்போகிற ஆள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ராகு காலம் வந்துக்கினு இருக்குது. வண்டிய எடுக்கறீங்களா, நானே ஓட்டட்டா?"

வண்டி அலிபிரி பக்கம் திரும்பி மறைகிறவரை முனியப்பன் ரோட்டில் நின்றான். பிறகு உள்ளே வந்து, சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எங்க போற?" என்றாள் சுலோச்சனா.

"வேல போயிடுச்சே."

"எவன் சொன்னான்? கிருஷ்ணப்பாவா? கட அவனுதா?"

"ஆறடி ரோலு வீணாப் போச்சேக்கா. அப்பால அந்தப் படம் வேற..."

"அந்தப் படத்துக்குத் தனியா பேசிக்கிறேன். ஏணின்னா பயம்னு மொதல்லயே செப்பியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா வேல குடுத்திருப்பியாக்கா?"

சுலோச்சனா நேர்மையானவள். யோசித்துப் பார்த்தாள். "குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். "இப்போ வேற. ஏணி ஏற குணா இருக்கான். அழிக்கக் கத்துக்கினவன் நீ ஒருத்தன்தான் இருக்க. நெல்லூர்க்காரன் மறுபடியும் மாங்காய்லேருந்து ஆரம்பிப்பான். எனக்கு அவ்ளோ பொறும இல்ல. உக்காரு."

முனியப்பன் உட்கார்ந்தான். நாற்காலி ஒரு சுற்று சுற்றி நின்றது. தலை சுற்றவில்லை. சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்காமல் துடைத்துக்கொண்டான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கல்பனாவுக்குப் போன் போட்டான். அவள் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவள். பின்னால் மெஷின் இரைச்சல் கேட்டது. வேலை நிரந்தரம் என்று சொன்னான். சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, மீதியையும் சொன்னான்.

"இன்னொண்ணும்மே. எனக்கு நெஞ்சு வலியெல்லாம் கெடையாது. ஏணி ஏறினா பயம். ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்." சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். "நம்ம ஊட்டு பின்னால சாத்தி வெச்சிருக்கிற மூங்கில் ஏணி இனிமே வாணாம். யாருக்குனா குடுத்துடு."

அந்தப் பக்கம் கல்பனா எதையோ மென்று விழுங்கினாள்.

"அத போன வருஷமே ஒடச்சி அடுப்புல வெச்சிட்டேன்" என்றாள். "நீ ஏறி உழுந்து தொலையக்கூடாதுன்னுதான். துன்னியா இல்லியா?"